முட்டவிட்டது நான் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரைக் கொண்டுபோய்க் கரண்ட் கம்பத்தில் முட்டவிட்டது நான் இல்லை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு மீசை அரும்பும் வயசும் வந்தாயிற்று. இன்னமும் எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் யாராவது ஒரு அத்தை என் தாடையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம், "சொல்தா வீட்டுக் கார முட்ட வுட்டாளே, அந்தப் பொண்ணு இதுதான்" என்று அறிமுகம் செய்துவைக்கிறாள். நான் படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் அவர்கள் நினைவில் நிற்பதில்லை. அது மட்டும் நிற்கிறது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைக்கிறேன்.

சொல்தா என்றது என் பெரியப்பாவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டின் முன்கட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும், பின்கட்டில் அப்பா, அம்மா, நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் லீவில் வருவார், சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொடுப்பார், போய்விடுவார். பெரியம்மா இங்கேயே இருந்தாள். ஏன் கூட்டிப்போகவில்லை என்று வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது சாக்லேட்.

ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு அவர் முதல் வேலையாகச் செய்தது, நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு என்ஜினீயரிடம் அந்தக் காரை வாங்கியதுதான். சிவப்புக் கலர். கூரை கிடையாது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அவர் பிறந்த காலத்தில் பந்தயத்தில் ஓடிய ஜாதி என்று சொல்லிக்கொள்வார். மற்றவர்களெல்லாம் கார் என்று சொன்னால் அவர் 'வுவாத்தூர்' என்பார். அதில் இருந்தது இரண்டே சீட். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்று காலியாக இருக்கும்.

சாயங்காலமானால் தொப்பியை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று வருவார், தனியாக. ஒரு தீபாவளிக்குப் பெரியம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காற்றில் முந்தானை பறந்து சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும், இதெல்லாம் புடவைக்கான வண்டி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். பெரியம்மா உள்ளே போய் இட்லிக்கு ஊறப்போட்டாள்.

அந்தக் காரில் என்ஜின் நன்றாக ஓடியது. ஹாரன் தெருவையே எழுப்பியது. உருப்படாமல் கிடந்தது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். பின்சக்கரத்துக்குப் போகிற கேபிள் துருப்பிடித்து ஒருநாள் இழுக்க வராது, மறுநாள் இழுத்தால் திரும்பப் போகாது. அதைச் சரிசெய்தால் அச்சிலிருந்து ஆயில் கசிந்து பிரேக் ஷூவில் ஏறிக்கொள்ளும். ஆயிலைத் துடைத்து, ஷூவை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால், டிரம் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று தெரியவரும். டிரம்மைக் கழற்றிச் சாக்கில் கட்டித் தட்டாஞ்சாவடி லேத்துக் கடைக்கு எடுத்துப் போவார்கள். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நாலுநாள் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு வண்டி நகராது. அதனால் ஷெட்டில் நிற்கும்போது பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்கு அரைச் செங்கல்தான் அண்டக் கொடுப்பது. பட்டாளத்து வண்டிக்கு அரைச் செங்கல் காவல். இதைப் பின்கட்டில் அப்பா மெதுவாகச் சொல்லி அம்மாவைச் சிரிக்கவைப்பார்.

ஆனால் அந்த ஹேண்ட்பிரேக் சரியாக நின்றே ஆகவேண்டும். ஷெட் தெருவைவிட உயரத்தில் இருந்தது. ஷெட் வாசலிலிருந்து தெருவுக்கு நல்ல சரிவு. சரிவின் அடியில் தெரு, தெருவைத் தாண்டிச் சாக்கடை, சாக்கடையை ஒட்டிக் கரண்ட் கம்பம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கேபிளை டைட் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்து நட்டைத் திருப்ப, இன்னொருவர் மேலே உட்கார்ந்து லீவரை இழுத்து இழுத்து விடவேண்டும். அந்த இன்னொருவர் பெரியம்மா. அப்பா எத்தனையோ வருஷமாக அரசாங்க ஜீப் ஓட்டுகிற டிரைவர், அவரைக்கூட அந்த வண்டியில் உட்காரவிடமாட்டார் பெரியப்பா. ஜீப் ஓட்டுகிற கைக்கு இது தாங்காதாம். சாயங்காலம் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அவர் பாயைப் போட்டு அடியில் நுழைந்துகொள்வார். பெரியம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து சீட்டில் முறமும் அதில் கீரையும். அடியிலிருந்து "அமுக்கி இழு" என்று குரல் வரும். கீரை ஆய்வதை நிறுத்தாமல் லீவர் நுனியில் இருந்த பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கி இழுப்பாள். "சும்மா இழு" என்று வரும். சும்மா இழுப்பாள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அமுக்கி இழு, சும்மா இழு. ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இந்தப் பாட்டுத்தான். நான் ஷெட் வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஏன் இரண்டு விதமாக இழுக்கவேண்டும் என்று யோசித்ததில்லை. நான் அந்த லீவரைத் தொடக்கூடாது. தொட்டால் கை இருக்காது என்று பெரியப்பா சொல்லிவைத்திருந்தார், நானும் தொட்டதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, வரப்போகிற பொங்கல் சமயத்தில் கடற்கரைச் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் ஒன்று நடக்கப்போவதாகச் சேதி வந்தது. பெரியப்பா பேர் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது, பக்கத்து சீட்டில் நான்தான் உட்காரப் போகிறேன் என்று அறிவித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஃபிராக், அதே துணியில் தலைக்கு ஒரு ஸ்கார்ஃப். ஏதோ பிரெஞ்சுப் பத்திரிகையில் அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி அப்படிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னார். பெரியம்மா தையலில் கெட்டிக்காரி. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு எனக்கு அளவெடுத்தாள். நான் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தேன். திரும்பு என்றாள், கையைத் தூக்கு என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். என்னோடு எப்போதும் சண்டைக்கு நிற்கும் ஒருத்தி, "நீயாவது, கார்லயாவது" என்றாள். ஊர்வலத்தன்று வந்து பார் என்று சவால் விட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குள் ஹேண்ட்பிரேக் ஒருவழியாகப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டாளத்துக் கூட்டாளிகளைப் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார். காலையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி, மூக்கு தெருவைப் பார்க்கச் சரிவின் நடுவில் கொண்டுவந்தோம். பெரியப்பா லீவரை இழுத்தார், வண்டி நின்றது. தள்ளிக்கொண்டு வந்த வண்டி, கியரில் போடவில்லை. அப்பா வழக்கம்போல முன்சக்கரங்களுக்கு அரைச் செங்கலை வைத்தார். பிறகு மாலை, வாழைக்கன்று, சந்தனம். கடைசியில் எலுமிச்சம்பழம். எந்த வண்டிக்குப் பூஜை போட்டாலும் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும், வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்பவேண்டும், இல்லாவிட்டால் திருஷ்டி கழியாது. பழம் வைக்கிற இடத்தில் செங்கல் இருந்தது.

"செங்கல எடுடா. ஃப்ரேன் இருக்குதுல்ல?" என்றார் பெரியப்பா. ஹேண்ட்பிரேக்கைத்தான் அப்படிச் சொன்னார். அப்பா செங்கலை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை வைத்தார். எடுக்கச் சொன்னவர் அவர், எடுத்தவர் இவர். இந்த இரண்டு பேரின் பேரும் அதற்கப்புறம் எந்த விசாரணையிலும் வரவில்லை.

பெரியப்பா மெடல் குத்திய கோட்டைப் போட உள்ளே போனார். அப்பா திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கக் கடைக்குப் போனார். அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊர்வலத்தில் எப்படிக் கையாட்டுவது என்று பழகிக்கொண்டிருந்தேன். பெரியம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரர் பூஜைக்காகக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைப் பார்த்து, அதை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும்படி குரல் கொடுத்தாள். அவர் எடுத்து வைத்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பூசணிக்காயோடு அப்பா வருகிறாரா என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

"எறங்குடி," என்றாள். "உள்ள போயி சாம்பிராணித் தட்ட எடுத்துனு வா."

எனக்குச் சுருக்கென்றது. அது என் சீட். அவள் சொன்ன விதமும் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனேன். தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தபோது பெரியம்மா டிரைவர் பக்கமாக நின்று, குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஹேண்ட்பிரேக் லீவரின் நுனிக்குச் சந்தனம், குங்குமம். அப்புறம் லீவரைப் பிடித்து மேலே ஒரு இழுப்பு இழுத்தாள். 'டக்' என்றது. இரண்டடி பின்னால் வந்து முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

கார் அவசரப்படவில்லை. முதலில் எலுமிச்சம்பழங்களை நசுக்கியது. பிறகு மாலை ஆட, வாழைக்கன்று ஆட, சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, முன்சக்கரம் சாக்கடையில் விழ, கரண்ட் கம்பத்தில் மூக்கை மோதிக்கொண்டு நின்றது. ஒரு விளக்கு கழன்று உருண்டது. பெரியப்பா ஒரு கை கோட்டிலும் ஒரு கை வெளியிலுமாக ஓடிவந்தார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கொஞ்சநேரம் முன்பு வண்டியில் உட்கார்ந்து ஆட்டம் போட்டவள் நான், போதாதா? அம்மா கரண்டியோடு வந்து முதுகில் ஒன்று வைத்தாள். நான் தொடவே இல்லை என்று அழுதேன். பின்னே யார் தொட்டது என்றார் பூசணிக்காயைக் கையில் பிடித்திருந்த அப்பா. நான் பார்த்ததைச் சொன்னேன். "பெரியம்மாதான் இழுத்தாங்க. லீவர மேல இழுத்தாங்க."

"மேலயா இழுத்தாங்க? கீழ எறக்குனாங்களா?"

"மேலதான்."

அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! "ஏன்டி, இத்தினி வருஷமா வண்டி ஓட்டுறேன். ஹேண்ட்பிரேக்க மேல இழுத்தா வண்டி நிக்கும்டி, ஓடாது. பொய் சொல்றதையாவது ஒழுங்கா சொல்லு."

கீழே இறக்கினாள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். உண்மையைச் சொன்னதால் மாட்டிக்கொண்டேன். பெரியம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாக்கடைப் பக்கம் உட்கார்ந்து விளக்கைத் தடவிக்கொண்டிருந்த பெரியப்பா, நான் 'மேலதான்' என்றதும் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "சரி, வுடுங்க. கொழந்த தெரியாம கைய வெச்சிருக்கும்," என்றார்.

மன்னித்துவிட்டாராம்! செய்யாத தப்புக்கு மன்னிப்பு. 'என்ன பெரிய மனசு பார்' என்று வந்திருந்த கூட்டாளிகள் மெச்சினார்கள். அம்மா என்னை அவர் காலில் விழவைத்தாள். விழுந்தேன். நல்லா இரு என்றார். மத்தியானம் பெரியம்மா என் இலையில் கேட்காமலேயே இன்னொரு வடை வைத்தாள். நான் அதைத் தொடவில்லை.

காரின் மூக்கைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்க மார்கழி வரைக்கும் ஆனது. மறுபடி சாயங்காலங்களில் ஜாக்கி, பாய், கீரை. ஒருநாள் அடியிலிருந்து 'அமுக்கி இழு' வராமல் வேறொரு பேச்சு வந்தது. நான் வாசலில்தான் இருந்தேன். ஊர்வலத்துக்குப் பக்கத்து சீட்டில் நீயே வந்துவிடு என்று பெரியப்பா அடியில் படுத்தபடியே சொன்னார். பெரியம்மா கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"பொடவ கட்டினு வரலாமா?" என்று கேட்டாள்.

வரலாம் என்றார்.

அடப்பாவிகளா என்று நினைத்தேன். நான் அழுது அடம்பிடித்ததெல்லாம் எடுபடவில்லை. காரை முட்டவிட்ட பிள்ளையை எப்படி அதில் உட்காரவைப்பது என்று அம்மாவே கேட்டாள். ஊர்வலத்தன்று கடற்கரைச் சாலை ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன், பக்கத்தில் நான் சவால் விட்ட அந்தப் பெண். நசுங்கித் திருந்திய மூக்கோடு சிவப்புக் கார் மெதுவாக வந்தது. பெரியப்பா தொப்பியோடு ஓட்டினார். பக்கத்தில் பெரியம்மா பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஸ்கார்ஃப். என் அளவுக்குத் தைத்த ஸ்கார்ஃப்! முந்தானை எந்தச் சக்கரத்திலும் சிக்கவில்லை. அவள் யாருக்கும் கையாட்டவில்லை, கடலையே பார்த்துக்கொண்டு போனாள். என் பக்கத்தில் நின்றவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன தை மாதம் மறுபடி பழைய கார்களைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தியிருந்தார்கள். என் பையன் என்னை ஒரு காரிடம் இழுத்துக்கொண்டு போனான். பச்சைக் கலர், மற்றபடி அதே ஜாதி. காரின் சொந்தக்காரர் சென்னைக்காரர், என் பையனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஹேண்ட்பிரேக்குக்கு வந்தார்.

"இது மத்த காரு மாதிரி இல்ல தம்பி. பட்டன அமுக்கி இழுத்தா லாக் ஆவும். அமுக்காம சும்மா மேல இழுத்தா ரிலீஸ் ஆயிடும். பந்தயத்துல சட்டுனு கெளம்பறதுக்காக அப்படி வெச்சிருக்காங்க."

நான் கையை உள்ளே விட்டேன். அவர் தடுப்பதற்குள் சும்மா ஒரு இழுப்பு இழுத்தேன். 'டக்'. லீவர் கீழே போய் விழுந்தது. அதே சத்தம். சமதரை, வண்டி நகரவில்லை.

நான் சொன்னது உண்மை! அத்தனை அத்தைகளையும் அந்த இடத்துக்கு வரவழைத்துக் காட்டவேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. மேலே இழுத்தால் ஓடும் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். 'மேலதான்' என்று நான் சொன்ன நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் என்னை மன்னித்திருக்கிறார். மூன்றாவதாக உறைத்ததில்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு மழைக்காலம் முழுக்க அமுக்கியும் சும்மாவும் இழுத்த கைக்கு எது என்ன செய்யும் என்று தெரியாதா?

பையனை அவன் அப்பாவோடு விட்டுவிட்டு நேரே முத்தியால்பேட்டைக்குப் போனேன். பெரியம்மா முன்கட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேட்டேன், அன்றைக்கு ஆயுத பூஜையில் அமுக்கி இழுத்தீர்களா, சும்மா இழுத்தீர்களா என்று. என்ன பூஜை, எந்த இழுப்பு என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"உன்ன எறக்கி வுட்டுட்டுதான இழுத்தேன்," என்றாள்.

அவ்வளவுதான். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். ஒரு வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் இத்தனை வருஷம் இந்தப் பேரைச் சுமந்திருக்கமாட்டேனே என்று கத்தினேன். அடுத்த கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவேன் என்றேன். சொல்லிக்கோ என்றாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள், கோபத்தோடு குடித்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். செய்தது அநியாயம்தான்.

ஆனால் அன்றைக்குச் சாம்பிராணித் தட்டோடு வாசல்படியில் நின்ற பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பெரியம்மா தன்னைப் பார்த்து 'எறங்குடி' என்று சொல்லிவிட்டாள். அதைவிடக் கொடுமையான சொல் உலகத்தில் இல்லை என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் பெரியம்மாவைப் பார்த்து யாரும் 'ஏறு' என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை என்பது அதற்குத் தெரியாது.